பன்னிரண்டு ரியால்

மஸ்கட், முத்ரா சந்தைக்குள் நுழைந்ததிலிருந்து
சும்மா கிடைத்தது
சாம்பிராணிப் புகை ஒன்றுதான்.
மற்ற எல்லாவற்றுக்கும் விலை இருந்தது,
எதிலும் எழுதியிருக்கவில்லை.

வணிகவரி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம்
அடுத்தவர் பில்லைச் சந்தேகப்பட்டே
சம்பளம் வாங்கியவள் நான்.
கொக்குமூக்குப் பித்தளைக் காப்பிக் கூஜா ஒன்றைத்
தட்டிப் பார்த்தேன்,
கவிழ்த்து அடி பார்த்தேன்,
வேண்டாதவள் போலக் கீழே வைத்தேன்.
வைத்த விதத்திலேயே தெரிந்துகொண்டான்
வேண்டுமென்று.

"பன்னிரண்டு, சேச்சி."

சேச்சி இல்லை என்று நான் திருத்தவில்லை.
மலையாளிக்கு ஒரு விலை, மற்றவர்க்கு வேறு விலையென்று
பஸ்ஸில் செங்கமலம் சொல்லியிருந்தாள்.
அவனும் மலையாளி இல்லை.
சிட்டகாங். பெயர் ரபியுல்.
இருவருக்கும் சொந்தமில்லாத இந்தியில்
கொஞ்ச நேரம் தடுக்கி விழுந்தோம்.
பிறகு கால்குலேட்டரை எடுத்தான்.

அவன் 12 அடித்து நீட்டினான்.
அழித்து 5 அடித்தேன்.
நெஞ்சில் கை வைத்தான், 11.
தலையில் கை வைத்தேன், 6.
கடை வாடகை என்று கூரையைக் காட்டினான்.
பென்ஷன் என்று என் நரையைக் காட்டினேன்.
ஒவ்வொரு எண்ணையும் உள்ளுக்குள்
இருநூற்றுச் சொச்சத்தால் பெருக்கிப் பெருக்கி
எனக்கு வியர்த்தது.
10-இல் அவன் நின்றுவிட்டான். 7-இல் நான்.

அப்புறம் அந்த வித்தை.
பாண்டி பஜாரில் ஒருநாளும் பொய்த்ததில்லை:
"சரி, வேண்டாம்" என்று திரும்பி நடப்பது.
மூன்றாவது அடியில் கூப்பிடுவார்கள்.
ஐந்தில் கட்டாயம்.
ஏழு.
பதினொன்று.
அத்தர்க் கடை போயிற்று,
தொப்பிக் கடையும் போயிற்று.
முதுகெல்லாம் காதாக நடந்தேன்.

கூப்பிட்டது பாங்கு.

அங்கங்கே பேரங்கள் பாதியில் நின்றன.
திரும்பிப் பார்த்தால்
கடை வாசலில் குறுக்கே ஒரு துணியைக் கட்டிவிட்டுத்
தொழுகைக்குப் போய்க்கொண்டிருக்கிறான் ரபியுல்.
ஷட்டர் இல்லை. பூட்டு இல்லை.
ஒரு வெள்ளைத் துணி,
அதன் பின்னால் அத்தனை பித்தளை.

எனக்குத்தான் பதறியது.
போய் நின்றுகொண்டேன்.
காவலுக்கு என்று சொல்லிக்கொண்டேன்;
கூஜாவை வேறு யாரும் பார்த்துவிடக்கூடாது
என்பதுதான் நிஜம்.

பார்த்துவிட்டார் ஒருவர்.
கப்பலில் வந்த வெள்ளைக்காரர்,
வெயில் பட்டுச் சிவந்த தோள்கள்.
சரியாக அதையே காட்டி
என்னிடம் கேட்டார்: எவ்வளவு?

"பதினான்கு."

சொன்னது யாரென்று நானே திரும்பிப் பார்த்தேன்.

எட்டு என்றார்.
நெஞ்சில் கை வைத்தேன்.
வாடகை என்று கூரையைக் காட்டினேன்.
தோளைக் குலுக்கிவிட்டு அவர் நடந்தார்.
மூன்றாவது அடியில் என் வாய் திறக்கப் பார்த்தது;
கெட்டியாக மூடிக்கொண்டேன்.
தொப்பிக் கடை தாண்டும்வரை
அந்த முதுகைப் பார்த்தபடி நின்றேன்.
எவ்வளவு பெரிய காது.

முழங்கை ஈரம் காயாமல் ரபியுல் வந்தான்.
நடந்ததைச் சொன்னேன்,
பாதி இந்தி, பாதி கை.
"பதினான்கா!"
சிரித்துச் சிரித்துப் பித்தளைத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டான்.
"ஒன்பது கொடுத்திருந்தால் நான் விட்டிருப்பேனே, சேச்சி!"

சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்தான்.

ஒன்பதை எண்ணி வைத்தேன்.
கால்குலேட்டர் மேசையில் குப்புறக் கிடந்தது.
அரை ரியாலைத் திருப்பி என் கையில் அழுத்தி,
காவல் கூலி என்றான்.
வாங்கிக்கொண்டேன்.
வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கும் தைரியம்
அன்றைக்கு மிச்சமில்லை.

ஊர் வந்து பெட்டியைத் திறந்ததும்
நாத்தனார் பூரணி கூஜாவை எடுத்தாள்.
தட்டிப் பார்த்தாள்.
கவிழ்த்து அடி பார்த்தாள்.
எவ்வளவாம்?

ஆறு ரியால் என்றேன்.

"நாலுக்குக் கேட்டிருக்கலாம்" என்றாள்,
வேண்டாதவள் போலக் கீழே வைத்தபடி.